சிந்தாதிரிப்பேட்டைக் கிணற்றில் நான் அளந்த மட்டம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜவஹர் அவர்களுக்கு, ராமானுஜம் தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வைதேகியும் உடம்பளவில் சௌக்கியம். பெங்களூரில் தாங்களும் நம் பிள்ளைகள் ஸ்ரீஹரியும் பூஜாவும் நலமாயிருக்க ஆதிகேசவப் பெருமாள் துணையிருப்பார். போனில் சொல்ல வாய் வரவில்லை, ஆகவே கடிதம்.

தங்கள் தெருவில் மூடிக்கிடக்கும் குரோம் முலாம் பட்டறையின் கழிவு, பூட்டி வைத்திருக்கும் பொதுக் கிணற்றுக்கு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல, "எங்க சம்பந்தி முப்பது வருஷம் நிலத்தடி நீர் இன்ஜினீயரா இருந்தவர்" என்று தெருச் சங்கத்தில் என்னைக் கோத்துவிட்டுப் பெங்களூருக்குப் போனீர்கள். சோதனை எளிதுதான். பட்டறை போர்வெல்லில் பகல் முழுக்க மோட்டார் ஓட்டித் தண்ணீரை இறைக்க வேண்டும். அப்போது கிணற்றில் மட்டம் இறங்கினால் அடியில் இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அங்கிருக்கும் விஷம் இங்கேயும் வரும் என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கே தொப்பி, மடக்கு நாற்காலி, அளவு நாடா, தயிர்சாதம் சகிதம் கிணற்றடியில் உட்கார்ந்து கால்மணிக்கு ஒருதரம் அளந்தேன். சாயங்காலம்வரை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. தொடர்பே இல்லை, குளிக்கலாம், துவைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சால்வை போர்த்தினார்கள். நானும் கூச்சமில்லாமல் முக்கால் மணி நேரம் பேசினேன்.

நாலாம் நாள், கிணற்றை ஒட்டி லாண்டரி வைத்திருக்கும் அம்மாசி ஒரு கல்யாண வேட்டியை விரித்துக் காட்டினார். "இன்னா சார் இது? வெள்ளையா போட்டேன், மஞ்சளா வந்துகீது." ஏதாவது சாயம் ஒட்டியிருக்கும் என்று சமாளித்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனால், சம்பந்தியம்மா ஜெயபாரதி கையைச் சொறிந்துகொண்டே டம்ளரை நீட்டுகிறார். "அண்ணா, நீங்க கையெழுத்துப் போட்டீங்களேன்னுதான் மூணு நாளா கிணத்துத் தண்ணியில குளிச்சேன்." டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். களிம்பு கொடுத்தார். இப்போது தேவலை.

பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால், இறைத்த தண்ணீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோன குழாய், கிணற்றுக்கு ஆறடி தள்ளி உடைந்திருக்கிறது. அத்தனை தண்ணீரும் மண்ணில் கொட்டிக் கிணற்றுக்குள் ஊறியிருக்கிறது. மட்டம் எப்படி இறங்கும்? விஷம் வருகிறதா என்று பார்க்கப் போன நானே பகல் முழுக்க உட்கார்ந்து அதை உள்ளே விட்டிருக்கிறேன், சம்பந்தி! மறுபடி, தண்ணீரை டேங்கர் லாரிகளில் ஏற்றி வெளியே அனுப்பிச் சோதித்தோம். சாயங்காலத்துக்குள் மட்டம் ஒன்றரை அடி இறங்கிவிட்டது. கிணற்றைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். தெருக்கூட்டத்தில் கைகூப்பி, "உடைப்பை நான் கவனிக்கலை, மன்னிக்கணும்" என்றேன். சால்வையைத் திருப்பி நீட்டினேன். வாங்கிக்கொள்ள யாரும் முன்வராததால் அதைத் தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஏறும்படி ஆயிற்று.

கவனக்குறைவுதான், வேறொன்றுமில்லை. பூஜாவிடம் அம்மாவைப் பற்றித் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். குழந்தைகள் இருவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ராமானுஜம்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். கவனிக்கவில்லை என்றது பொய். முதல் சோதனையன்று காலை பத்து மணிக்கே அம்மாசி என்னைக் கூட்டிப்போய் உடைப்பைக் காட்டினார். நிறுத்தினால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுற்றிலும் தெருவே நின்று பார்க்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். கூட்டத்தில் நான் பொய் சொன்னபோது அவர் முதல் வரிசையில்தான் இருந்தார். இன்று போய், "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் சார்."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கூட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். தாங்களும் வந்துவிடுங்கள்.