நடப்பதற்கு முன்பே சிறப்பாக நடந்த மாநாடு

வீடியோ எடிட்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளுவது தொழில் வளர்ச்சிக்கு உகந்ததல்ல என்று அவர்களுடைய சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருமனதாக என்றால், தலைவர் தம் கருத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரே எடிட்டிங் மென்பொருளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் ஆயிரம் பேர் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். ஆகவே ஒரு மாநாடு கூட்டுவது என்று முடிவாயிற்று. அதை நடத்தித் தரும் பொறுப்பு, அன்றைக்குக் கட்டைவிரலை எல்லோருக்கும் முன்னால் தூக்கித் தொலைத்த கத்தரியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கத்தரி என்பது குழுவில் அவருக்கு வைத்த பெயர். மாடியில் ஓர் அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு திரை, முதுகு பிய்ந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே ஊரார் கல்யாணங்களைச் சீர்செய்வது அவர் தொழில். மணமகள் கொட்டாவி விட்டால் எடுத்துவிடுவார். மாப்பிள்ளையின் சித்தப்பா தள்ளாடியபடி ஆடியிருந்தால் அதையும் எடுத்துவிடுவார். பெண் வீட்டார் வந்து கேட்டால் திரும்பச் சேர்த்துக் கொடுப்பார்.

இவ்வளவு செய்தும் மாமனாருக்கு மட்டும் அந்த வேலை பிடிபடவே இல்லை. அவர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "வீட்லதான் இருக்கார். ஆனா நல்ல பையன்" என்பார். அந்த 'ஆனா' கத்தரியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மாநாட்டில் வரவேற்புரை தமக்குத்தான் என்று தெரிந்த அன்றைக்கு அவர் மனைவியிடம் சொன்னார்:

"உங்கப்பாவ முன்வரிசையில உக்கார வைக்கறேன். ஒரே ஒரு தடவ, நான் யாருன்னு அவர் கண்ணால பாக்கட்டும்."

மனைவி புதுச் சட்டை ஒன்று வாங்கி வந்தாள்.

வேலை தொடங்கியதும் சங்கம் இரண்டாகப் பிளந்தது. மேடைப் பதாகை அகலமாக இருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. ரீல்ஸ் தம்பி என்று அழைக்கப்பட்ட இளைஞரின் தலைமையில் இயங்கிய மறுகட்சியோ, இந்தக் காலத்தில் அகலமாக எதையும் யாரும் பார்ப்பதில்லை, பதாகை நெட்டுக்குத்தாகத்தான் இருக்க வேண்டும், முடிந்தால் மேடையும் அப்படியே என்று அறிக்கை விட்டது. ஒல்லியாக, உயரமாக ஒரு மேடை கட்டி அதில் ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்க முடியுமா என்றுகூட ஒரு துணைக்குழு ஆராய்ந்தது. முடிவில் பதாகையைச் சதுரமாக வைப்பதென்று சமரசம் ஏற்பட்டது. அது இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை என்பதால் நியாயமான தீர்வு என்று ஏற்கப்பட்டது.

மிச்சமிருந்தது அரங்கு. நகரத்தில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கு அரசாங்கத்தினுடையது ஒன்றுதான். ஒரு சங்கத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் தருவார்கள். அரங்கு அதிகாரி கத்தரியின் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, மாநாடு நடந்த வீடியோவை ஏன் இணைக்கவில்லை என்று கேட்டார்.

"சார், மாநாடே இனிமேதான் நடக்கணும்."

"அது எனக்கும் தெரியும். வீடியோ வச்சாத்தான் அனுமதி. அனுமதி வந்தாத்தான் மாநாடு. இதுல எந்த இடத்துல உங்களுக்குச் சந்தேகம்?"

அதிகாரி பொறுமையான மனிதர்; விளக்கினார். முன்பெல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகு வீடியோ ஒப்படைக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது. ஆனால் காரியம் முடிந்ததும் ஒரு பயலும் அலுவலகப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எனவே மேலிடம் நன்கு ஆலோசித்து, வீடியோவை முன்கூட்டியே வாங்கிவிடும்படி விதியைத் திருத்தியிருக்கிறது. "மத்த சங்கத்துக்காரங்க இதக் கேட்டுட்டு அழுவாங்க. நீங்க வீடியோக்காரங்க. உங்களுக்கு என்ன வந்துது?" என்றும் சொல்லி அனுப்பினார்.

கத்தரிக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். குழுவில் சேதியைப் போட்டார். எடிட்டர்களுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டுவது புதிதா என்ன, அவரவர் கைவசம் இருந்த துண்டுகளை அள்ளி அனுப்பினார்கள். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கை தட்டிய கூட்டம் மாநாட்டுக் கூட்டமாயிற்று. கடைத் திறப்பு விழா ஒன்றில் கத்தரிக்கோலோடு நின்ற பெரியவர் சிறப்பு விருந்தினராகப் பதவி உயர்ந்தார். ட்ரோன் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் ட்ரோன் ஒன்று மேகத்திலிருந்து இறங்கி, ஜன்னல் வழியாக நுழைந்து, விருந்தினரின் வழுக்கையைச் சுற்றி வந்தது. முதல் மூன்று விநாடியில் ஒன்றும் வெடிக்கவில்லை என்றால் மக்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று ரீல்ஸ் தம்பி பிடிவாதம் பிடித்ததால், எடுத்த எடுப்பிலேயே கலர்க் காகிதங்கள் வெடித்து அரங்கு முழுவதும் கொட்டின.

எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியவர் கத்தரி. நடுவில் ஓர் இடத்தில், புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலின் கறுப்புத் துணிக்கு முன்னால் நின்று, தம் வரவேற்புரையையும் பதிவு செய்து வைத்திருந்தார். குழுவில் திருத்தங்கள் வந்து குவிந்தன. காய்த்த மரம் கல்லடி படத்தானே வேண்டும் என்று அவரும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் தலைவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"எல்லாம் பிரமாதம். நடுவுல ஒருத்தர் வந்து பேசறாரே, யாரு அது? ரொம்ப இழுக்குது. தூக்கிடுங்க."

அவர் யார் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை என்பதற்காகத்தானே மாநாடே. நான்தான் அது என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார் கத்தரி. இழுக்கத்தான் செய்தது. மனம் வலித்தது. ஆனால் தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா, தன்னைத் தானே வெட்டிப் போட்டது. நேரில் பேசத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தலைவரும் அவருமாகப் போய் வீடியோவை ஒப்படைத்தார்கள். அதிகாரி பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று இருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, மாநாடு வெகு சிறப்பாக நடந்திருக்கிறது என்று பாராட்டினார்.

"சார், இன்னும் நடக்கல. இது சும்மா நாங்களா செஞ்சது" என்றார் கத்தரி.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "அப்போ இது பொய்யா? அரசாங்கத்துக்குப் பொய் ஆதாரம் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? நிஜம்னா மாநாடு நடந்து முடிஞ்சாச்சு, இந்த வருஷத்துக்கு உங்க நாள் தீர்ந்துபோச்சு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சுமாராகச் செய்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். தொழில் சுத்தம் கெடுத்தது. தலைவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, "நடந்ததுதான் சார்" என்றார்.

அங்கேயே பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. தலைவர் அதையும் வீடியோவையும் குழுவில் போட்டார். வாழ்த்துகள் கொட்டின. இப்படியொரு மாநாட்டைக் கண்டதில்லை என்றார் ஒருவர். சாப்பாடு மட்டும் சுமார் என்றார் இன்னொருவர். தாம் ஆற்றிய உரையை வேண்டுமென்றே வெட்டிவிட்டதாக மூன்று பேர் சங்கத்திலிருந்து விலகினார்கள்.

கத்தரியின் மனைவி புதுச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். நிஜ மாநாடு எப்போது என்று கேட்கவில்லை.

அதோடு விட்டார்களா? அடுத்த வாரமே அரங்கு அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்தது. மாநாட்டில் கலர்க் காகிதம் வெடித்து அரங்கைக் குப்பையாக்கியிருப்பது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது; உடனடியாகக் கூட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் சங்கத்துக்கு இனி அரங்கே கிடையாது. தலைவருக்கு அன்றைக்கு முதுகுவலி. துடைப்பத்தோடு கத்தரி போனார்.

அரங்கு கண்ணாடி போலிருந்தது. ஒரு தூசி இல்லை. ஆனால் காவலாளி விதி தெரிந்தவர். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் வேண்டும். முன்படத்தில் குப்பை இல்லாவிட்டால் பின்படம் செல்லாது என்றார். அதனால் கத்தரி பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து மேடையெங்கும் போட்டார். பிறகு கூட்டத் தொடங்கினார்.

பாதி கூட்டியவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஆயிரம் நாற்காலிகள். முன்வரிசையின் நடுநாற்காலி அவர் மாமனாருக்கென்று மனதுக்குள் எப்போதோ ஒதுக்கி வைத்தது. "அவையோர் அனைவரையும்..." என்று மெல்ல ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றவரைக் காவலாளி படமெடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை அலுவலகம் 'தூய்மைப் பணியில் நம் அரங்கு' என்ற தலைப்போடு தன் இணையப் பக்கத்தில் ஏற்றியது. ஞாயிற்றுக்கிழமை கத்தரியும் மனைவியும் மாமனார் வீட்டுக்குப் போனபோது, அவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளைக்காக அவர் எழுந்து நின்றதே கிடையாது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. அந்த அரங்கு அரசாங்கத்தோடதுதானே?"

"ஆமா மாமா."

"இத ஏன் இத்தன வருஷம் மறைச்சீங்க? நான் பாவி, பாக்கறவங்ககிட்டல்லாம் வீட்ல இருக்கார் வீட்ல இருக்கார்னு சொல்லிட்டு இருந்தேனே. இதுல என்ன வெக்கம்? அரசாங்க வேலையாச்சே."

"அப்பா, அது வந்து..." என்று மகள் தொடங்கினாள். கத்தரி அவள் காலை மிதித்தார்.

மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிரந்தரம்தானே?"

எதை வைப்பது, எதை வெட்டுவது என்று நாள்கணக்கில் யோசிக்கிற மனிதர். இதற்கு யோசிக்கவே இல்லை.

"நிரந்தரம்தான் மாமா."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, மாப்பிள்ளைக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொன்னார். கத்தரி அதில் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் அலைபேசி அடித்தது. சங்கத் தலைவர். படத்தைப் பார்த்துவிட்டு, கூட்டப் போன இடத்திலேயே கத்தரியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டார். சுற்றி வளைத்து என்னென்னவோ பேசிவிட்டு, இதைக் குழுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அங்கே இன்னொரு இடம் காலியிருக்கிறதா என்று விசாரித்தார். அவர் வைத்ததும் ரீல்ஸ் தம்பி கூப்பிட்டார்.