குடைத் தாங்கியில் மகான்

பக்தியை அலுவலக நேரத்துக்குள் முடித்துக் காட்டிய முதல் மனிதர் யார் என்று வரலாறு குறித்துக்கொள்ள விரும்பினால், ஜப்பானின் ஷிகோகு தீவில் எங்கள் நகராட்சியில் திட்டப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற குரோக்காவாவைக் குறித்துக்கொள்ளட்டும். எண்பத்தெட்டுக் கோயில் யாத்திரையை ஆயிரத்துச் சொச்சம் வருடமாக ஜனங்கள் கால்போன போக்கில் நடந்து கெடுத்து வைத்திருந்தார்கள். தலைவர் அதற்கு ஒரு கால அட்டவணை போட்டார். "கும்பிடுதல்: நான்கு நிமிடம் (தேவைப்படின் குறைத்துக்கொள்ளலாம்)" என்ற வரியைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. அவர் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியும் நான் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுகிறேன்.

காரியம் இதுதான். குடிநீர்ப் பிரிவில் இருந்த ஓச்சி, எண்பத்தேழு கோயில் நடந்து முடித்து, கடைசிக் கோயிலுக்கு முன்னால் கண்ணை மூடிவிட்டார். நாங்கள் கிளம்பிய நாளுக்கு மறுநாள் அவருக்கு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. அஸ்தி கல்லறைக்குள் போகிறது. கூடவே, கோயிலுக்குக் கோயில் முத்திரை வாங்கிய அவர் புத்தகமும் நிறைவாகப் போக வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. கோயிலில் முத்திரை போடுமிடம் ஐந்து மணிக்குச் சாத்தப்படும். ஆகவே தலைவர் தலைமையில் மூவர் குழு அமைந்தது. தலைவர், ஓச்சியின் மனைவியான ஓச்சி அம்மா, குறிப்பெடுக்க நான்.

ஒற்றைப் பெட்டி ரயில் எங்களை ஆளில்லாத ஸ்டேஷனில் மூன்று மணிக்கு இறக்கிவிட்டது. வெள்ளை அங்கி, கோரைத் தொப்பி, கையில் தடி. கோயிலுக்கு நாலு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், உபசாரம் மட்டும் இல்லையென்றால்.

யாத்ரீகருக்கு வழியில் யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு, நம் பெயர்ச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வளைவிலேயே ஒரு அம்மாள் ஆளுக்கு ஏழு ஆரஞ்சு கொடுத்தாள். அடுத்த வீட்டில் தேநீர். அதற்கடுத்து ஒரு முடிதிருத்துபவர் கடையை விட்டு ஓடிவந்தார்.

"உட்காருங்க சாமி, கழுத்தைப் பிடிச்சு விடறேன்."

"எங்களுக்கு நேரமில்லை" என்றார் தலைவர்.

"நேரமில்லாத கழுத்துதாங்க இப்படி இறுகிப் போகும்."

கழுத்து வலது பக்கம் திரும்பிய நிலையிலேயே தலைவர் கணக்குப் போட்டார். நாற்பது நிமிடத்தில் நானூறு மீட்டர். அப்போதுதான் அந்த மாபெரும் யோசனை பிறந்தது. யாத்ரீகர் போல் இருப்பதால்தானே உபசாரம்? யாத்ரீகர் போல் இல்லாவிட்டால்?

ஸ்டேஷனுக்குத் திரும்பி ஓடினோம். அங்கியையும் தொப்பியையும் பைக்குள் திணித்து, கோட்டு மாட்டிக்கொண்டோம். தடிதான் பைக்குள் அடங்கவில்லை. வாசலில் ஒரு குடைத் தாங்கி இருந்தது.

"இதுல வைங்க. தற்காலிக இடமாற்றம்தான்" என்றார் தலைவர்.

ஓச்சி அம்மா தயங்கினார். "தலைவரய்யா, இந்தத் தடிதானே யாத்திரையில நம்ம கூடவே நடந்து வர்ற மகான்? என் வீட்டுக்காரர் விடுதிக்குப் போனா, தன் காலைக் கழுவறதுக்கு முந்தி இதோட காலைத்தான் கழுவுவாரு."

"மகானுக்கும் ஓய்வு வேண்டாமாம்மா?"

ஓச்சி அம்மா புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "நீங்க ஓடுங்க. நான் மெதுவா வர்றேன்."

ஓடினோம். அந்த ஓட்டத்தில் எனக்கு இருபது வயது குறைந்தது. முடிதிருத்துபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆரஞ்சு அம்மாள் மட்டும் மறித்தாள்.

"ஏனுங்க, வெள்ளை அங்கி போட்ட மூணு பேரைப் பார்த்தீங்களா? பணியாரம் தர மறந்துட்டேன்."

"எங்களுக்கு அவங்களைத் தெரியாது" என்றார் தலைவர், முகத்தில் ஒரு ரேகை அசையாமல். முப்பது வருட நகராட்சி அனுபவம் வீண்போகாது.

கோயிலை அடைந்தபோது மணி நாலு ஐம்பத்திமூன்று. முத்திரை போடும் துறவி தூரிகையை மையில் தோய்த்தார்.

"கும்பிட்டாச்சுங்களா?"

"அது பரிசீலனையில் இருக்கு" என்றார் தலைவர்.

மூன்று சிவப்பு முத்திரை விழுந்தது. எண்பத்தெட்டும் நிறைந்தது. நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம். கும்பிடும் மண்டபம் எந்தத் திசையில் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் ஓச்சி அம்மா எதிரே வந்தார். மறுபடி வெள்ளை அங்கி, தொப்பி, கையில் கணவரின் தடி. பை நிறைய ஆரஞ்சு, வாயில் பணியாரம். கழுத்துகூட நன்றாகத் தளர்ந்திருந்தது.

"முடிஞ்சதும்மா" என்று புத்தகத்தை நீட்டினேன். விரித்துப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. கண் கலங்கினார்.

"ரொம்ப நன்றிங்க. நான் இவரைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்."

"ஆபீஸைச் சாத்திட்டாங்கம்மா" என்றார் தலைவர்.

"எனக்கு ஆபீஸ்ல ஒண்ணும் வேலை இல்லீங்களே."

போய்விட்டார். எங்களுக்கு ரயில் இருந்தது. அதை விட்டால் இரண்டு மணி நேரம். பிடித்தோம், உட்கார்ந்தோம், வெற்றியைப் பற்றிப் பேசினோம். மூன்றாவது ஸ்டேஷனில்தான் தலைவரின் முகம் வெளுத்தது.

"தடி" என்றார்.

பெரிய ஸ்டேஷனில் இறங்கியதும் தொலைந்த பொருள் பிரிவுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண் படிவத்தை எடுத்தார்.

"என்ன பொருள்?"

"தடி. ரெண்டு."

"ஏதாவது எழுதியிருக்குங்களா?"

"இருவர் ஒன்றாகப் பயணம்னு எழுதியிருக்கும்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாத்திரைத் தடிங்களா? எங்க விட்டீங்க?"

"ஸ்டேஷன் வாசல்ல. குடைத் தாங்கியில."

எங்கள் இருவரின் கோட்டையும் அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்.

"அதைத் தொலைஞ்ச பொருள்னு பதிய முடியாதுங்க. மகான் நீங்க விட்ட இடத்துலயேதான் நிக்கிறாரு. தொலைஞ்சு போனது ரெண்டு ஆளு. உங்க பேரைச் சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். பிறகு, விதிமுறைப்படி, பெயரைச் சொன்னோம்.