மல்லாந்து கற்றல்

கற்றல் கண்ணில் தொடங்குகிறது என்று கல்வி அலுவலகம் ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை அது எங்கே தொடங்கிக்கொண்டிருந்தது என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. அந்த மாதமே எல்லா வகுப்பிலும் கரும்பலகையைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். திரையின் நெற்றியில் ஒரு கேமரா. எந்தப் பிள்ளை எத்தனை நொடி திரையைப் பார்த்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு, நூற்றுக்கு இவ்வளவு என்று ஆளாளுக்கு மார்க் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிடும். இந்த ஏற்பாட்டுக்குக் கவனமானி என்று பெயர்.

ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் எதையும் எதிர்க்கிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் குரல் உயர்த்தியது ஒரே ஒரு தடவை, ஆசிரியர் அறையில் டீக்குச் சர்க்கரையை நிறுத்தியபோது. கவனமானி விஷயத்திலும் வந்தது வரட்டும் என்றுதான் இருந்தார்.

முதல் அறிக்கை வந்தபோது வகுப்புக்கு நாற்பத்தொன்று. காரணம் தேடினார்கள். நோட்டில் எழுதுகிற பிள்ளை குனிகிறது, குனிந்தால் கவனம் போச்சு. எனவே எழுதுவது நிறுத்தப்பட்டது. பக்கத்துப் பிள்ளையிடம் சந்தேகம் கேட்டால் முகம் திரும்புகிறது. சந்தேகமும் நிறுத்தப்பட்டது. கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகி, நாலே நாளில் வகுப்பில் முதல் இடத்துக்கு வந்தான். பிள்ளையை இந்த அளவுக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்ல அவன் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்தாகிவிட்டது, ஒருத்தியைத் தவிர. வகுப்பில் அவளுக்கு விட்டம் என்று பட்டப்பெயர். கணக்கைச் சொல்லி முடித்ததும் அவள் கண் தானாக மேலே போய்விடும். கூரையில் எதையோ எழுதிப் படிப்பதுபோல் உதடு அசையும். கண் கீழே இறங்கும்போது விடையும் கூடவே வரும். வாத்தியார் துண்டுத்தாளில் போட்டுப் பார்ப்பதற்குள் சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு வாய்த்த அப்படிப்பட்ட ஒரே பிள்ளை. அவள் விடை சொல்லும் ஒவ்வொரு தடவையும், இந்த வேலைக்கு வந்தது வீண்போகவில்லை என்று அவருக்கு மனசு நிறைந்துவிடும். கவனமானி அவளுக்கு நூற்றுக்கு நாலு போட்டது.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“சார், அந்தப் பொண்ணு நாலுலயே நிக்கிறா.”

“அவ யோசிக்கிறா மேடம்.”

“அறிக்கையில அதுக்கு இடம் விடலையே சார்.”

“வகுப்புல கணக்குப் போடுறதே அவ ஒருத்திதான்.”

“போடட்டுமே, வேணாம்னு யாரு சொன்னா? திரையைப் பாத்துக்கிட்டே போடச் சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள அறுபது வரலைன்னா கவன மீட்பு வகுப்புக்கு மாத்தணும். என் கையில ஒண்ணும் இல்லை.”

கவன மீட்பு வகுப்பு மாடிப்படிக்கு அடியில், பழைய உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் நடந்தது. அங்கே கணக்கு கிடையாது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி இங்கும் அங்கும் நகரும். அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு. அந்தப் பிள்ளையை அங்கே உட்கார வைக்க வாத்தியாருக்கு மனசு வரவில்லை.

அவளிடமே கேட்டார். “ஏம்மா, கொஞ்சம் திரையைப் பாத்துக்கிட்டே போட முடியாதா?”

“போட்டுப் பாத்தேன் சார், வரலை. அதுல ஏற்கெனவே என்னென்னமோ ஓடுது. கூரைதான் சும்மா கிடக்கு.”

இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் வழி கண்டுபிடித்தார். இவள் கண் திரைக்கு வராது என்றால், திரை இவள் கண்ணுக்குப் போகட்டும். உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்: ‘மேற்கு ஜன்னல் வழியே வரும் சூரிய ஒளியானது கற்றல் பரப்பின்மீது விழுந்து மாணாக்கரின் கவன ஓட்டத்துக்கு ஊறு விளைவிப்பதால், மேற்படி பரப்பினை மேற்கூரையில் பொருத்தித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.’ ஜன்னலுக்கு ஒரு துணி கேட்டிருந்தால் மூன்று வருஷம் ஆகியிருக்கும். இதற்கு மூன்றே நாளில் அனுமதி வந்தது.

எலக்ட்ரீசியன் ஏணியோடு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். “அங்க ஃபேன் இருக்கே சார்.”

“ஃபேனைக் கழட்டித் திரை இருந்த இடத்துல மாட்டிடுங்க.”

“சுவத்துலயா?”

“உத்தரவு இருக்குங்க.”

“இருந்தா சரி,” என்று அவர் ஏணியில் ஏறினார்.

அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டு, பாய் விரித்து எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்தார். படுத்தவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் வகுப்புக்குத் தொண்ணூற்றொன்பது. விட்டத்துக்குத் தொண்ணூற்றேழு. வாத்தியார் அறிக்கையை மூன்று தடவை படித்தார், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். தொண்ணூற்றொன்பது என்றால் அலுவலகம் சும்மா இருக்குமா? நிபுணர் குழு வந்தது. மல்லாந்த நிலையில் அறிவானது மேலிருந்து கீழாக இறங்குவதால் அதற்கு உராய்வு குறைவு என்று நாற்பது பக்கத்தில் நிரூபித்தது. எல்லாப் பள்ளிகளிலும் திரை கூரைக்குப் போனது, ஃபேன் சுவருக்கு வந்தது. பணக்காரப் பள்ளி ஒன்று ‘எங்களிடம் மழலையர் வகுப்பிலிருந்தே படுக்கை’ என்று விளம்பரப் பலகை வைத்தது. கடைகளில் மல்லாந்து கற்றலுக்கென்றே தலையணை வந்தது, ஏழு வயதுக்குட்பட்டோருக்குத் தனி, மேற்பட்டோருக்குத் தனி. வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையைப் பெற்றவர்கள், அடுத்த வீட்டுக்காரர் பார்த்துவிடப்போகிறார் என்று கதவைச் சாத்தினார்கள்.

வாத்தியாருக்கு மூச்சுவிட நேரமில்லை. பள்ளி பள்ளியாகப் போய், எப்படிப் படுப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்த அமளியில் ஒரு மாதமாக அவர் யாரிடமும் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை. விட்டம் தொண்ணூற்றேழிலிருந்து நூறுக்கு வந்திருந்தாள். அவருக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

கவன அலுவலர் நேரில் பார்வையிட வந்தார். விதிப்படி வகுப்பில் யாரும் நிற்கக்கூடாது என்பதால் அலுவலர், தலைமையாசிரியை, வாத்தியார் மூவரும் பதவி வரிசைப்படி படுத்தார்கள். வாத்தியாருக்கு மறுபக்கம் விட்டத்தின் பாய். அலுவலர் கூரையைப் பார்த்தபடியே, “ஏதாவது ஒரு கணக்குக் கேளுங்களேன், பாப்போம்,” என்றார்.

வாத்தியார் ஆசையோடு கேட்டார். “ஒரு குழாய் தொட்டியை அறுபது நிமிஷத்துல நிரப்பும். இன்னொரு குழாய் தொண்ணூறு நிமிஷத்துல நிரப்பும். ரெண்டையும் சேத்துத் திறந்துவிட்டா எவ்வளவு நேரம் ஆகும்?”

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் திரையைப் பார்த்தார்கள். ஒரு இமைகூட ஆடவில்லை. சுவரில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரையின் ஓரத்தில் நூறு என்று பச்சையாக எரிந்தது.

“அற்புதம்,” என்றார் அலுவலர். “ஒருத்தர்கூட அசையலை பாருங்க.”

“விடை சொல்லலையே சார்,” என்றார் வாத்தியார்.

“எதுக்கு? அதான் திரையில வரப்போகுதே.”

வந்தது. முப்பத்தாறு நிமிடம். எல்லாரும் அதையும் பார்த்தார்கள்.

வாத்தியார் தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். “ஏம்மா, இது உனக்குத் தெரியலையா?”

“யோசிக்கலை சார். கவனிச்சுட்டிருந்தேன்,” என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். “யோசிச்சா கண்ணு நகருது சார். நகர்ந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேருன்னு அம்மா சொன்னாங்க. அதனால விட்டுட்டேன்.”

அந்தத் திரையை அணைக்க வேண்டும், இவளை எழுப்பி உட்கார வைத்து இன்னொரு கணக்குக் கேட்க வேண்டும் என்று வாத்தியார் முழங்கையை ஊன்றினார். தலைக்கு மேல் திரையில் மஞ்சள் எழுத்து மினுங்கியது: ஆசிரியர் பன்னிரண்டு நொடிகளாகத் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் அலுவலர் தொண்டையைச் செருமினார்.

வாத்தியார் ஊன்றிய கையை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். அன்றைய அறிக்கையில் அவருக்கும் நூறு.