நவக்கிரி இல்லை, நவஹோ

என் மனைவி பாலாம்பிகையை வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று போன சித்திரையில் முடிவெடுத்தேன். அதற்கு முன் முயன்றதெல்லாம் தோல்வி. குசினிக்குள் ஒளித்து நின்று சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால்கூட, நான் விழுங்கும் சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவாள். ஆனால் இந்தமுறை எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இங்கிலீசில் சொன்னார். மருந்து இனி வேலை செய்யாது. கோடை முடியும்வரை அவள் இருந்தால் பெரிய காரியம். சொல்லிவிட்டு, அவளுக்கும் எடுத்துச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். ஊரை விட்டு இல்ஃபோர்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே பேசுவது என்னுடைய இலாகா. பாலாம்பிகை பள்ளிக்கூடக் கன்டீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறியவள். 'மோர்?', 'இனஃப்?' என்ற இரண்டோடு அவளுடைய இங்கிலீசு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

"மருந்து கொஞ்சம் மெதுவாய்த்தான் வேலை செய்யுமாம். ஐப்பசிக்குப் பிறகு சுகம் வரும் எண்டுறார்."

அவள் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு என்னிடம், "அதுக்கோ இவ்வளவு நேரம் கதைச்சவர்?" என்றாள்.

"இங்கிலீசு நீளமான பாஷையப்பா."

வீட்டுக்கு வந்ததும், ஐப்பசியில் சுகம் வந்தால் எங்கே போகலாம் என்று கேட்டாள். டிவியில் ஒரு பாலைவனம் ஓடிக்கொண்டிருந்தது. செக்கச்செவேலென்று செங்குத்தான மலைச்சுவர்கள். அடியில் ஒரு சின்னச் சோளத் தோட்டம். அமெரிக்காவில், அரிசோனாவில், நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு. அவள் விரலை நீட்டி, அங்கே என்றாள்.

எனக்கு வாய்ப்பாகிப் போயிற்று. போக முடியாத இடம்தான். ஆனால் போவதற்கு ஆயத்தம் செய்யலாம் அல்லவா? எதிர்பார்க்க ஒன்று இருந்தால் அவளுக்கு நோவு தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

"பேர் என்ன சொன்னனீங்கள்? எங்கடை ஊர்ப்பக்கத்து நவக்கிரியோ?"

"நவக்கிரி இல்லையப்பா, நவஹோ."

"நவக்கிரியிலையும் கிணறு ஆழம்தான்."

படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். நவஹோ வழிகாட்டி இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்க விடமாட்டார்கள். அடியில் இன்னும் அவர்களுடைய குடும்பங்கள் தோட்டம் செய்கின்றன. முந்தி ஒருகாலம் அமெரிக்கப் பட்டாளம் வந்து பீச் மரங்களைத் தறித்து, சனத்தை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக்கொண்டு போனது. சில வருஷங்களில் சனம் திரும்பி வந்து மறுபடி மரம் நட்டது.



"திரும்பி வந்தவையோ," என்றாள். "குடுத்துவைச்ச சனம்."

அடுத்த நாளே என்னை வேலை வாங்கத் தொடங்கிவிட்டாள். பாலைவனத்தில் சோறு கிடைக்காது, ஆகையால் நான் சமைக்கப் பழகவேண்டும். சோறு, பருப்பு, சொதி. செம்மண் உடுப்பில் ஒட்டும், ஆகையால் துவைக்கும் மெசினை இயக்கத் தெரியவேண்டும். மலை ஏறவேண்டும், ஆகையால் தினமும் பார்க்கைச் சுற்றி நடக்கவேண்டும். நோயாளி சோபாவில் படுத்திருந்தாள். பயிற்சி எனக்கு. என்னுடைய திட்டம் என்ன அழகாய் வேலை செய்கிறது என்று வெங்காயம் உரித்தபடி பெருமைப்பட்டேன். கண்ணீர் வருவதற்கும் வசதியாக இருந்தது.

ஒரேயொரு இடத்தில்தான் சண்டை பிடித்தேன். வெம்பிளியில் இருக்கிற தன் தம்பி ரதீசனைக் கூப்பிட்டுப் பயணத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னாள். அவன் அமெரிக்கா போய்வந்தவன். ஒரு கலியாண வீட்டு வாசலில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, என் காரைத் தட்டி "அத்தான், இது இன்னும் ஓடுதோ?" என்று கேட்டவன். அன்றிலிருந்து நான் அவனோடு கதைப்பதில்லை. அவள் சண்டை போடவில்லை. தானே போன் எடுத்தாள். அவன் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான். நான் அந்த நேரம் பார்த்துப் பார்க்கைச் சுற்றினேன்.

ஆவணியில் ஒரு பின்னேரம், முன்அறைக் கட்டிலில் கிடந்தபடி, சொதிக்கு உப்புப் போட்டாச்சோ என்று கேட்டாள். போட்டாச்சு என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ப் போட்டேன். அதுதான் அவளுக்கு நான் சொன்ன கடைசிப் பொய். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லோரும் போன பிறகு ரதீசன் மட்டும் கதிரையில் இருந்தான்.

"அத்தான், ஐப்பசியிலை அரிசோனாவுக்கு, பீனிக்சுக்கு டிக்கட் எடுத்தாச்சு. உங்களுக்கும் எனக்கும்."

"ஆர் எடுக்கச் சொன்னது?"

"அக்கா. ஆனியிலையே."

"அப்ப அவவுக்கு?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "தான் இருக்கமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது அண்டைக்கே முழுக்க விளங்கினதாம். நீங்கள் வேர்த்து வேர்த்து மாத்திச் சொல்லேக்கை, பாவம், குழப்பக்கூடாது எண்டு பேசாமல் இருந்தவவாம்."

சோறும் பருப்பும் துவைக்கும் மெசினும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். போகமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். யாரிடம் சொல்வது?

போனோம். விமானத்தில் ரதீசன் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான். பள்ளத்தாக்குக்குள் நவஹோ அம்மா ஒருவர் ஆற்று மணலில் ஜீப்பை ஓட்டிப் போனார். சிவந்த சுவர்கள் இரண்டு பக்கமும் வானம் வரை எழும்பின. ஒரு வளைவில் நிறுத்தி, அறுவடை முடிந்த சோளத் தோட்டம் ஒன்றைக் காட்டி, அது தன் சித்தியினுடையது என்றார்.

கால் உளைகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். செத்தவீட்டில் வராத அழுகை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துத் திரும்பினால், ரதீசன் பிஸ்கட் பெட்டியோடு நிற்கிறான்.

"கண்ணுக்குள்ளை மண்," என்றேன்.

"ஓம் அத்தான். அழுதால் உங்களுக்கு உடனை பசிக்குமாம். கேளாமல் குடுக்கச் சொல்லி அக்கா சொன்னவ."

உண்மையாகவே எனக்குப் பசித்தது.