அறுபத்து மூன்று பக்கத் தையற்காரர்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் உங்கள் அக்காளின் கணவன். நீதிமன்றத்துக்கு உளவியல் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவன். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'அடிக்குறிப்பு' என்று அழைக்கப்படுபவன். எழுதுபவர் யார், நோக்கம் என்ன என்பவை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. நோக்கம்: உங்கள் அக்காள் என் அறிக்கையை அவமதித்துவிட்டாள். பத்திரிகையில் பிழை திருத்துபவர் என்ற தகுதியில் தாங்கள் வியாழனுக்குள் நேரில் வந்து, அதில் ஒரு வரியையும் வெட்ட இயலாது என்று அவளிடம் உறுதிபடக் கூற வேண்டும். இங்கு அனைவரும் நலம். 'அனைவரும்' என்பதில் நான் அடங்கேன்.

ஒரு தையற்காரர், வாடிக்கையாளரின் கார்க் கண்ணாடியை இஸ்திரிப் பெட்டியால் உடைத்துவிட்டுக் காவலில் இருக்கிறார். தம்மீதுள்ள வழக்கு அவருக்குப் புரிகிறதா என்று நீதிமன்றம் என்னைக் கேட்டது. மூன்று முறை சந்தித்து அறுபத்து மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு வாரத்துக்குப் பின் அது திரும்பி வந்தது. மேலே நீதிபதியின் கையெழுத்தில் ஒரே வரி: 'புரிகிறதா, இல்லையா?' வெள்ளி காலை பத்து மணிக்குள் பதில் தர வேண்டும். அதுவரை விசாரணையும் இல்லை, ஜாமீனும் இல்லை, மனிதர் உள்ளேயே.

சனிக்கிழமை முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மேசையை ஜன்னலோரம் நகர்த்தினேன், வெளிச்சம் அதிகம் என்று திரும்ப நகர்த்தினேன், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "சார், வீடு காலி பண்றீங்களா?" என்று ஆவலோடு கேட்டுவிட்டுப் போனார், கடைசியில் துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்காளிடம் உரக்கப் படிக்கத் தொடங்கினேன், ஒன்பதாம் பக்கத்தில் அவள் குறுக்கிட்டாள்.

"அவருக்குப் புரியுதா, புரியலையா?"

"பொறு. அது ஐம்பத்தெட்டாம் பக்கத்துல வருது."

"இப்ப என்ன ஓடுது?"

"ஆறு வயசுல அவர் மரத்துலேர்ந்து விழுந்தது."

"மரத்து மேலயும் வழக்கு இருக்கா?"

"முழுமைக்காகச் சேர்த்திருக்கேன்."

"நல்லா இருக்கு. உங்களுக்கு முழுமை, அவருக்குக் கம்பி!"

இருபத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் இப்படியொரு சொல் கேட்டதில்லை. இன்று திங்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவரே நியாயம் சொல்லட்டும் என்று காலையில் சிறைக்குப் போய்த் தையற்காரரிடம் சுருக்கவுரையைப் படித்துக் காட்டினேன். சுருக்கவுரை பதினொரு பக்கம். அவர் என் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் ஒத்துக்கிட்டா என்ன ஆகும், இல்லேன்னா என்ன ஆகும், வக்கீல்கிட்ட என்ன சொல்லணும், எல்லாம் தெரியுது. நீங்க எழுதினதுதான் ஒண்ணும் விளங்கல. சட்டைக்கு அளவெடுத்தா கழுத்து, தோள், கைன்னு எழுதுவேன். ஆளு எந்த மரத்துலேர்ந்து விழுந்தாருன்னு எழுத மாட்டேன். அது போகட்டும், உங்க காலரை யாரு தச்சது? கோணலா இருக்கு."

இக்கூற்றை முழுமையாகப் பதிவு செய்து, அறுபத்து நான்காம் பக்கமாகச் சேர்த்துள்ளேன். அறிக்கையின் படியொன்றையும் இத்துடன் இணைக்கிறேன். தாங்கள் உடல்நலத்தோடும் உங்கள் இல்லத்தார் மனநிறைவோடும், பிள்ளைகள் திருத்தமான கையெழுத்தோடும் நீடு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்

பின்குறிப்பு: தாங்கள் வர வேண்டாம். படியை இணைப்பதற்காகப் பக்கங்களைச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'இடது காது கேளாதவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவருமான இவருக்கு வழக்கு புரியவில்லை' என்று இருக்கிறது. அவர் சென்ற ஆண்டு நான் மதிப்பிட்ட வேறோர் ஆள். பழைய அறிக்கையின் மேலேயே புதியதை எழுதுவது என் வழக்கம். அந்தப் பக்கத்தை மாற்ற மறந்திருக்கிறேன். அங்கே புரியவில்லை, ஐம்பத்தெட்டில் புரிகிறது. நீதிபதி வேறெப்படிக் கேட்பார்? என் பக்கமொன்றுக்காகத் தையற்காரர் இரண்டு வாரம் உள்ளே இருந்திருக்கிறார்.

உங்கள் அக்காளிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதில் எழுதிவிட்டேன்: 'தையற்காரருக்கு வழக்கு புரிகிறது. தம் தரப்பை வழக்கறிஞரிடம் சொல்ல அவரால் முடியும். காரணங்கள் கீழே. முந்தைய அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கம் வேறொருவருடையது, தவறு என்னுடையது.' ஒரே பக்கம். அடிக்குறிப்பு இல்லை.

நீதிமன்ற அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும். இப்போது நான்கே கால். வெள்ளிவரை காத்திருக்கப் போவதில்லை. இக்கடிதத்தை உங்கள் அக்காள் தபாலில் சேர்ப்பாள். நான் கோணல் காலரோடு கிளம்பி, இந்த ஒரு பக்கத்தை இன்றே கொடுக்கப் போகிறேன்.