எங்கள் வகுப்பின் உயிருள்ள எலும்புக்கூடு

எல்லா விடைகளையும் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் பரீட்சை தோற்றவர் இந்த உலகத்தில் கூட்டண்ணன் ஒருவர்தான்.

ஜப்பான்காரர்கள் காலத்தில் மலாக்காவில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வகுப்பறை மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும். ஒருநாள் பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரி அதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இறந்தவரை இப்படித் தொங்கவிடலாமா என்று திட்டி, அன்றே புதைக்க வைத்தார். நாங்கள் வரிசையாக நின்று குழியைப் பார்த்துக் குனிந்து வணங்கினோம்.

"இனிமே எத வெச்சுப் படிக்கிறது?" என்று வாத்தியார் தலையில் கைவைத்தார்.

பின்வரிசையில் இருந்த ஒல்லி மாணவர் சட்டையைக் கழற்றியபடி முன்னால் வந்தார். "என்னையே வெச்சுக்குங்க சார். முக்கால்வாசி ரெடியாத்தான் இருக்கேன்."

அன்றிலிருந்து அவர் கூட்டண்ணன். மேசைமேல் ஏறி நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் எலும்பைத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். விலாவில் விரல் பட்டால் போதும், நெளிந்து சிரிப்பார்.

"எலும்புக்கூடு சிரிக்குமாடா?"

"அதுவும் பல்லக் காட்டிக்கிட்டுத்தானே சார் தொங்குச்சு!"

அவரையே கேட்டால் ஒரு பெயரும் வராது. "தொட்டவங்களுக்குத்தான் சார் தெரியும். நான் சும்மா வெச்சிருக்கேன்."

காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் ஓர் அம்மாள் வீட்டில் அவர் குடியிருந்தார். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி இனத்தவர்; அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. முற்றத்தில் வெறும் உடம்போடு நின்று இவர் பாடம் ஒப்பிக்க, அந்த அம்மாள் மலாயில் கத்துவார்: சட்டையைப் போடு, நான் உனக்குச் சாப்பாடே போடவில்லை என்று ஊர் பேசுகிறது! பாவம், அவர் வீட்டிலும் மூன்று வேளையும் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். அரிசியைக் கண்ணால் பார்த்தவர் யார்?

ஒரு காலை கூட்டண்ணன் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காலில் ஏறவில்லையாம். "பாத்தீங்களா, சதை போட்டுட்டேன்!"

வகுப்பே கைதட்டியது. வாத்தியார் தட்டவில்லை. "டிபியா எங்க இருக்கு, காட்டும்மா," என்றார் என்னிடம். கூட்டண்ணனின் முழங்காலுக்குக் கீழே அந்த எலும்பின்மேல் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"சதையில்ல," என்றார் வாத்தியார். "பெரிபெரி."

சத்தில்லாத சாப்பாட்டால் வரும் வீக்கம் அது; தவிடு கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். தெங்கேரா வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுக் கிடைத்த தவிட்டைக் கஞ்சியாக்கி ஊட்டினோம்.

"மாட்டுக்கு வெக்கிறத ஊத்துறீங்களே லா. நாளைக்கு 'அம்மா'ன்னு கத்தப்போறேன், பாருங்க."

கிடைத்தது போதவில்லை. வீக்கம் கால், வயிறு என்று ஏறியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வார்டில் தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரே கவலைதான்.

"பரீட்ச நேரத்துல எலும்பெல்லாம் ஒளிஞ்சுக்கிச்சே தங்கச்சி. எதப் பாத்துப் படிப்ப?"

"எனக்கு எல்லாம் மனப்பாடம், அண்ணே."

"திமிரப் பாரு." சிரிக்க முயன்றார். "அப்பறம் எதுக்குக் கையப் புடிச்சிருக்க? எந்த எலும்பத் தேடுற?"

நான் எந்த எலும்பையும் தேடவில்லை. அந்தக் கை குளிர்ந்த பிறகும் கீழே வைக்கவில்லை.