அதே லமோர்னா

“இது… அதே லமோர்னாதானுங்களா?”

திருமதி மார்வென்னா ட்ரெகியர் இவ்வாறு கேட்டபோது ஃபால்மவுத் படகுத்துறையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நவம்பர் மாதத்தின் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. கறுப்பு மேலங்கி அணிந்த அந்த அம்மையார் ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். மறைந்த கணவர் ஹெட்லியின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காகவே படகை வாடகைக்கு எடுப்பதாக அவர் முன்பதிவின்போதே தெரிவித்திருந்தார். அருகே அவருடைய தங்கை பெரில் ஒரு கூடையுடன் நின்றார்.

படகின் உரிமையாளரும் தலைவருமான ஜோரி பாஸ்கோ தம் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ‘இல்லை’ என்பதே. பழைய லமோர்னா முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கழிமுகச் சேற்றில் மட்கி, இறுதியில் விறகாகிவிட்டது. அதன் வரைபடங்களைத் தேடிப் பிடித்து, அதே அளவில், அதே பெயரில் ஜோரி புதிதாகக் கட்டிய பாய்மரப் படகு இது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்த அம்மையார் தொலைபேசியில், “வாலிபத்துல அவர் பந்தயம் ஓட்டின படகுங்க. அதிலிருந்துதான் தன்னைக் கடல்ல விடணும்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டார்” என்று விம்மியபோது, ஜோரிக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லிவிடுவதாகத் தமக்குத் தாமே வாக்களித்திருந்தார்.

“வேற படகா இருந்தாலும் பரவாயில்லீங்க. உள்ளதைச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்,” என்றார் திருமதி ட்ரெகியர். குரல் நடுங்கியது.

நடுங்கிய குரலில் ஒரு விதவையின் கடைசி நம்பிக்கை ஊசலாடுவதாக ஜோரிக்குத் தோன்றியது. அதை அறுத்துவிடும் துணிவு அவருக்கு இல்லை.

“அதேதான் அம்மா.”

அம்மையாரின் முகம் வெளுத்தது. அதை உணர்ச்சிப் பெருக்கு என்று ஜோரி மரியாதையுடன் புரிந்துகொண்டார்.

படகின் ஒரே பணியாளரான டென்சில், வயதில் ஜோரியைவிட மூத்தவர். அவர் காதோரம் வந்து கிசுகிசுத்தார். “ஏன் ராசா, அந்தம்மா மூஞ்சியைப் பாத்துப் புளுகினியே, ராத்திரி உனக்குத் தூக்கம் வருமா?”

“நீ வேணும்னா போய் உண்மையைச் சொல்லேன்.”

“நான் எதுக்கு? அழ வைக்கிறதுக்கு நீதானே படகுத் தலைவர். அது கெடக்கட்டும், அறைக்குள்ள பித்தளைத் தகடு மின்னுதே, அதை என்ன பண்ணப்போற?”

ஜோரி திடுக்கிட்டார். படகு புதிதாகக் கட்டப்பட்ட ஆண்டு அந்தத் தகட்டில் அழகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. “எதையாவது போட்டு மறை!”

டென்சில் தம் மழைக்கோட்டைக் கழற்றித் தகட்டின்மேல் மாட்டினார். அதனால் தகடு மறைந்தது; டென்சில் நனையத் தொடங்கினார்.

கோட்டிலிருந்து சொட்டிய நீர், அறைக்குள் வந்து இருக்கையில் அமர்ந்திருந்த திருமதி ட்ரெகியரின் தோளில் விழுந்தது. “இதை எடுத்து அவருக்கே குடுத்துடுங்களேன். பாவம், வெளியே மழையில நிக்கிறாரே?”

“அவருக்கு மழைன்னா உயிர் அம்மா,” என்றார் ஜோரி.

கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே டென்சில் பல்லைக் கடித்தபடி தலையசைத்தார்.

படகு புறப்படவேண்டிய நேரம். டென்சில் வழக்கம்போல் எஞ்சினை முடுக்கினார். அம்மையார் சட்டென்று நிமிர்ந்தார். அவர் கண்களில் முதல்முறையாக ஓர் ஒளி தெரிந்தது.

“எஞ்சின் சத்தமா கேக்குது? லமோர்னாவுல எஞ்சினே கிடையாதுன்னு ஹெட்லி சொல்வார். துறையை விட்டு வெளியே போகணும்னா சின்னப் படகுல துடுப்பு போட்டு இழுப்பாங்களாம். அப்ப இது…”

“பக்கத்துப் படகோட சத்தம் அம்மா,” என்றார் ஜோரி அவசரமாக.

பக்கத்தில் நின்றது ஒரு துடுப்புப் படகு. நல்லவேளையாக அம்மையார் அதைப் பார்ப்பதற்குள் ஜோரி வெளியே பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

“எறங்கி இழு, டென்சில்.”

“இருபது டன் படகையா? என்னை என்ன வண்டிக்குதிரைன்னு நெனச்சியா?”

“மெதுவாப் பேசு. துக்கத்துல இருக்கறவங்க.”

“நானும் இப்ப துக்கத்துலதான் இருக்கேன்!”

டென்சில் சிறு படகில் இறங்கி, வடத்தைக் கட்டி, துடுப்பு வலித்தார். லமோர்னா நத்தையைப் போல் நகர்ந்து, துறைச் சுவரில் ஒருமுறை உராய்ந்து வெளியேறியது. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவர் உரக்கக் கேட்டார். “என்னய்யா டென்சில், எஞ்சின் செத்துப்போச்சா?”

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு! இங்க ஒருத்தரோட மனசாட்சிதான் செத்துப்போச்சு!”

“என்ன சொல்றாங்க?” என்று அம்மையார் கேட்டார்.

“கேலி பண்றாங்க அம்மா. பழைய படகுன்னா இந்த ஊர்ல இப்படித்தான்.”

பாய்கள் விரிந்தன. காற்று சோர்வாக வீசியது. பெரில் தம் கூடையைத் திறந்தார். சூடான பாஸ்டிகளின் மணம் எழுந்தது. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவில் வைத்து மடித்துச் சுட்டவை.

அப்போதுதான் மேலே ஏறி வந்த டென்சில் அலறினார். “பாஸ்டியா! படகுக்குள்ளயா!”

பெரில் பயந்துபோனார். “எல்லாரும் பசியோட இருப்பீங்கன்னு…”

“பசியில செத்தாலும் சாவேனே தவிர, படகுல பாஸ்டியோட போகமாட்டேன், அபசகுனம்! எங்க தாத்தன் கடல்ல எறங்கின நாள்லருந்து எங்க வீட்டு ஆம்பளைங்க பாஸ்டியைக் கரையிலதான் தின்னிருக்காங்க. தூக்கிக் கடல்ல போடுங்க!”

துக்க வீட்டார் கொண்டுவந்த உணவைக் கடலில் எறிவது முறையாகாது என்று ஜோரி கருதினார். எனவே கூடையைப் பின்னால் மிதந்து வந்த சிறு படகில் இறக்கி வைத்தார். பாஸ்டி இப்போது படகுக்குள் இல்லை, படகுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று டென்சிலுக்கு விளக்கமும் தந்தார். கடற்காகங்கள் கூடையைச் சுற்றி வட்டமிடத் தொடங்கின.

அம்மையார் அறைக்குள்ளிருந்து ஜோரியை அழைத்தார். பெட்டி இன்னும் அவர் மடியிலேயே இருந்தது.

“ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். மொதப் பந்தயம் முடிச்சவங்க, முன்னறை உத்தரத்துக்கு அடியில அவங்கவங்க பேரோட மொத எழுத்தைக் கத்தியால செதுக்குவாங்களாம். ஹெட்லியும் செதுக்கினாராம். ஹெச், டி. அது அங்க இருந்தா நான் நம்பிடறேன். இல்லேன்னா…” அவர் முடிக்கவில்லை.

இல்லையென்றால் இந்த அம்மையாரின் நெஞ்சு நொறுங்கிவிடும் என்று ஜோரி முடித்துக்கொண்டார்.

“கட்டாயம் இருக்கும் அம்மா. கொஞ்சம் பொறுங்க. இப்ப அலை ஜாஸ்தி, முன்னறைக்குப் போனா விழுந்துடுவீங்க.”

கடல் தட்டில் ஊற்றிய நீரைப் போல அசையாமல் கிடந்தது.

டென்சில் வெறுமனே கையை நீட்டினார். ஜோரி தம் கத்தியை அந்தக் கையில் வைத்தார். சிறிது நேரத்தில் முன்னறையிலிருந்து ‘கரக் கரக்’ என்று சத்தம் வந்தது.

“அது என்னங்க?”

“பழைய மரம் அம்மா. முனகும்.”

அதற்குள் டென்சில் தலையை நீட்டி ஜோரியை அழைத்தார். “செதுக்கியாச்சு. ஆனா வெட்டின எடம் வெள்ளை வெளேர்னு பல்லு மாதிரி சிரிக்குது.”

“தேத்தண்ணி தடவு.”

“தடவிட்டேன். பத்தல. கெட்டியா, பழுப்பா ஏதாவது வேணும்.”

இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் மிதந்த கூடையைப் பார்த்தனர். டென்சிலின் முகத்தில் மூன்று தலைமுறை மீனவர்களின் அச்சம் தெரிந்தது. ஆயினும் அவர் வடத்தைப் பிடித்து இழுத்தார். காகங்கள் மிச்சம் வைத்திருந்த ஒரு பாஸ்டியைச் சட்டைக்குள் மறைத்து, மன்னிப்புக் கோருவதுபோல் கடலை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே சென்றார்.

திருமதி ட்ரெகியர் முன்னறைக்குள் குனிந்து நுழைந்தார். உத்தரத்துக்கு அடியில், கோணலாக, பழுப்பேறிய இரண்டு எழுத்துகள். அவர் விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார்.

“வெங்காய வாசனை வருதுங்களே?”

“அந்தக் காலத்து வார்னிஷ் அம்மா,” என்றார் ஜோரி. தம் பெற்றோர் தம்மை வளர்த்த விதத்தை எண்ணி அவர் உள்ளம் கூசியது.

அம்மையார் அருகிலிருந்த படுக்கைப் பலகையில் பொத்தென்று அமர்ந்தார். “அவரேதான் பெரில். கோணல் மாணலா, அப்படியே அவர் எழுத்து. இப்ப நான் என்னடி பண்ணுவேன்?”

“இங்க வேண்டாம் அக்கா,” என்று பெரில் அவர் தோளைத் தொட்டார்.

“ஐயா, திரும்பிடலாமா? இன்னொரு நாள் வந்து…”

கடைசிக் கணத்தில் மனம் தளர்பவர்களை ஜோரி முன்பும் பார்த்திருந்தார். இயன்றவரை கனிவாகப் பேசினார். “எல்லாருக்கும் இந்த நேரம் கஷ்டமாத்தான் இருக்கும் அம்மா. ஆனா அவரை நினைச்சுப் பாருங்க. அவர் உங்களுக்காகக் காத்துகிட்டு இருக்கார்.”

“ஆமா, காத்துகிட்டுதான் இருப்பார்!” என்று அம்மையார் வாய்விட்டு அழுதார்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே படகு மெல்ல நின்றது. ஜோரி கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார். கனடாவிலிருக்கும் அக்கா மகளுக்குப் படம் அனுப்புவதற்காகப் பெரில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். காற்று எந்தப் பக்கமாகப் போகிறதோ அந்தப் பக்கமாகத்தான் தூவ வேண்டும் என்பதை ஜோரி இருமுறை விளக்கினார். அம்மையார் கண்களை மூடிக்கொண்டு, “என்னை மன்னிச்சுடு ஹெட்லி,” என்று பெட்டியைக் கவிழ்த்தார்.

அந்த நொடியில் காற்று திசை மாறியது. எஞ்சின் ஓடியிருந்தால் படகைத் திருப்பியிருக்கலாம். சாம்பல் புகையாக எழுந்து, கோட்டு இல்லாமல் தொப்பலாக நனைந்து நின்ற டென்சிலின்மேல் முழுவதுமாகப் படிந்தது. அவர் தலைமுதல் கால்வரை சாம்பல் நிறச் சிலையாக நின்றார்.

“ராசா,” என்றது சிலை, உதடு அசையாமல். “வாய்க்குள்ள போயிடுச்சு.”

“துப்பிடாதே! மரியாதை இல்ல!”

“அப்ப முழுங்கவா?”

ஜோரி வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து எந்த வழிகாட்டலும் வரவில்லை. “முழுங்கு.”

டென்சில் விழுங்கினார். அவர் கண்களிலிருந்து வழிந்த நீர் கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளை வரைந்தது. அவர் தோளில் ஒட்டியிருந்த கரிந்த ஆணி ஒன்றை ஜோரி கண்டார். சவப்பெட்டியின் ஆணியாக இருக்கும் என்று எண்ணி, தலைகுனிந்து, அதை எடுத்துத் தம் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

பிறகு காற்றும் நின்றது. எஞ்சினைத் தொட வழியில்லை. டென்சில் மறுபடியும் சிறு படகில் இறங்கி இழுத்தார். அறைக்குள் அம்மையார் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டும் கோட்டின் கீழ், சுவரை வெறித்தபடி இருந்தார். நிம்மதி தருவதற்காகச் சொன்ன பொய் நிம்மதியைத் தரவில்லை என்பது ஜோரிக்கு விளங்கியது, காரணம்தான் விளங்கவில்லை. அம்மையார் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், நாகரிகம் கருதி வாய் திறக்காமல் இருக்கிறார் என்று முடிவு செய்தார்.

பொழுது சாயும் நேரத்தில் துறையை அடைந்தனர். ஜோரி தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தபடி அம்மையாரிடம் சென்றார். “அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

அம்மையார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். “ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க உண்மையான மனுஷர். உங்க முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுது.” அழுகையை அடக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, மழைக்குள் காரை நோக்கி நடந்துவிட்டார்.

ஜோரி தொப்பியை மாட்டிக்கொண்டார். பின்னால் டென்சில் குடிநீர்க் குழாயடியில் ஒன்பதாவது தடவையாகவோ பத்தாவது தடவையாகவோ வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

காலிக் கூடையை எடுக்க வந்த பெரில் தயங்கி நின்றார். “தப்பா நினைக்காதீங்க. நாளைக்குப் படகு கெடைக்குமா?”

“நாளைக்கா? எதுக்குங்க மறுபடியும்?”

பெரில் காரின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இது புதுசாக் கட்டின படகுன்னு எங்க ஊர் பேக்கரியில சொன்னாங்க, அப்ப சத்தியம் செல்லாதுன்னு, பிரிய மனசில்லாத அக்கா அத்தானை வீட்டுலயே வெச்சுக்கிட்டு, மகளுக்குப் போட்டோ அனுப்பறதுக்காக அடுப்புச் சாம்பலை அள்ளிட்டு வந்தா. நீங்கதான் இது அதே லமோர்னான்னு காட்டிட்டீங்களே, நாளைக்கு அத்தானையே கூட்டிட்டு வந்துடறோம்.”